கேள்வி – பதில்: கொத்தாத மீனும் குளிர்ந்த நீரும்

சென்ற இதழில் பண்ணைக் கடலில் தூண்டில் போடுபவர்களைப் பற்றி எழுதிய சிறிய பதில், எதிர்பாராத விதமாக வாசகர்களைக் குளிர்நாட்டு ஏரிகளின் கரைக்கு இழுத்துச் சென்றுவிட்டது. பிள்ளைகளைப் பார்க்கப் போய்வந்த பெற்றோரும், அங்கேயே வாழும் பிள்ளைகளும், உயிருள்ள இரைக்குப் பதிலாகக் கொளுக்கியில் இறகைப் பூச்சிபோல் கட்டிய ஈத் தூண்டிலைப் பற்றியும் குளிர்ந்த நீரில் வாழும் ட்ரவுட் மீனைப் பற்றியும் கேட்டு எழுதியிருப்பதால், இம்முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: மதிப்புக்குரிய ஐயா, கடந்த வைகாசியில் இங்கிலாந்தில் இருக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தேன். மருமகன் என்னை ரட்லண்ட் வோட்டர் என்ற பெரிய நீர்த்தேக்கத்துக்கு ட்ரவுட் பிடிக்க அழைத்துச் சென்றார். காலை ஒன்பது மணிக்கு வள்ளத்தில் ஏறிய நாங்கள், பின்னேரம் ஐந்து மணி வரை ஈயை எறிவதும் இழுப்பதுமாக இருந்தோம். வெயில் நன்றாக எறித்தது, காற்று இல்லை. ஒரு மீன்கூடக் கொத்தவில்லை. மூன்று மணிக்குப் பிறகு இரண்டு மூன்று இடங்களில் நீர் வளையமிட்டது; வளையத்துக்குள் எறிந்தும் பயனில்லை. பண்ணைப் பாலத்தில் சும்மா நிற்கும் பொடியனுக்குக்கூட ஒரு மணித்தியாலத்தில் நாலு ஓரா அகப்படுமே! அந்த ஏரியில் உண்மையாகவே மீன் இருக்கிறதா, அல்லது மருமகனுக்குத் தொழில் தெரியாதா? இதை அவரிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.
ஓய்வுபெற்ற தபாலதிபர், கொக்குவில்

பதில்: ஐயா, மீன் இருக்கிறது. ரட்லண்ட் வோட்டர் 1970களில் குவாஷ் என்ற சிற்றாற்றை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கம். ஏறத்தாழ 12 சதுர கிலோமீற்றர் பரப்புடைய அந்த நீரில் ரெயின்போ ட்ரவுட்டும் பிரவுன் ட்ரவுட்டும் வளர்த்து விடப்படுகின்றன. கரையோரத்தில் நீருக்குள் கால் வைத்தாற்போல் நிற்கும் பழைய நோர்மன்டன் தேவாலயத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த ஏரியில் மீன் இல்லாவிட்டால், 1996 முதல் ஸ்கொட்லாந்திலிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்ட விராலடிப்பான் பறவைகள் அங்கே தங்கியிருக்கவும் மாட்டா, 2001இல் குஞ்சு பொரித்திருக்கவும் மாட்டா. பறவைக்கு அகப்படுவது உங்களுக்கு ஏன் அகப்படவில்லை என்பதற்குரிய விடை உங்கள் கடிதத்திலேயே கிடக்கிறது: வெயில் எறித்தது, காற்று இல்லை, எறிந்தோம் இழுத்தோம், வளையத்துக்குள் எறிந்தோம்.

ஏரியில் வாழும் ட்ரவுட்டின் அன்றாடச் சாப்பாட்டில் பெரும்பங்கு, சேற்றிலிருந்து பிறக்கின்ற, நுளம்பைப் போன்ற ஆனால் கடிக்காத ஒரு பூச்சியினுடையது. எங்கள் ஊரிலும் தேங்கிய நீரின் அடியில் நெளியும் செந்நிறப் புழு இந்த இனத்தின் குடம்பிதான். சேற்றுக்குள் வளர்ந்த குடம்பி கூட்டுப்புழுவாக மாறியதும் மெல்ல மெல்ல மேலே எழுந்து வருகிறது. நீரின் மேற்படையை அடைந்தவுடன் அதை ஊடறுக்க இயலாமல் சிறிது நேரம் அதன் கீழே தொங்குகிறது. பின்னர் முதுகுத் தோல் பிளக்க, பூச்சி வெளியே வந்து பறந்துபோகிறது. எழுந்து வரும் வழியிலும் தொங்கும் நேரத்திலும் அது எங்கேயும் ஓடித் தப்பக்கூடிய இரையல்ல. ஆகையால் ட்ரவுட்டும் அதைத் துரத்துவதில்லை. வாயைத் திறந்து மூடியபடி, பந்தியில் இருப்பவர் போல ஆறுதலாக உண்டுகொண்டு போகிறது.

இதை நான் புத்தகத்தில் படித்ததைவிட ஒரு வெள்ளைப் பீரிசில் பார்த்து அறிந்ததே அதிகம். சில ஆண்டுகளுக்கு முன், என் அக்காவின் மகனோடு இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள இன்னொரு நீர்த்தேக்கத்தில், உங்களைப் போலவே ஒரு நாள் முழுவதும் வெறுங்கையோடு இருந்தேன். மாலையில் இறங்குதுறைக்கு வந்தபோது, பக்கத்து வள்ளத்திலிருந்து இறங்கிய முதியவர் ஒருவர், தாம் பிடித்த மீனின் தொண்டை வழியாக ஒடுங்கிய நீண்ட கரண்டி ஒன்றைச் செலுத்தி, ஒருமுறை திருகி எடுத்து, அதில் வந்ததைப் பீரிசில் இட்டு நீர் ஊற்றினார். கறுப்பும் மண்ணிறமுமாக, நெல்மணி அளவில், கொக்கிபோல் வளைந்த முப்பதுக்கும் மேற்பட்ட கூட்டுப்புழுக்கள் நீரில் பிரிந்து விரிந்தன. ஒவ்வொன்றின் தலைப்பக்கத்திலும் வெள்ளை நூற்குஞ்சம் ஒன்று இருந்தது. இரண்டு மூன்று இன்னமும் நெளிந்தன. நாங்கள் அன்று எறிந்து எறிந்து இழுத்ததோ விரல் நீளமான பச்சை நிறப் பஞ்சு. அந்த வேகத்தில் எந்தக் கூட்டுப்புழுவும் ஒருநாளும் ஓடியிராது. எவ்வளவு ஆழத்தில் பிடித்தீர்கள் என்று கேட்டோம். பன்னிரண்டு அடி என்றார். எங்கள் ஈ இரண்டு அடிக்குக் கீழே போனதேயில்லை.

எனவே முதற்குறை வேகம். இரண்டாவது குறை ஆழம். மேகமில்லாத வெயிலில் ட்ரவுட் கீழே இறங்கி நிற்பது வழக்கம். மேலே நின்றால் விராலடிப்பானின் கண்ணுக்கு அதுவே பந்தி. கீழே நிற்கும் மீனுக்கு ஈயைக் கொண்டுபோய்ச் சேர்க்க இரண்டு வழிகள் உண்டு. மிதக்கும் நூலின் நுனியில் 15 முதல் 20 அடி வரையான தங்கூசியை (மெல்லிய நைலோன் இழையை) கட்டி, மெல்லிய ஈயைத் தன் பாரத்தில் தானே இறங்கவிட்டு, நூலை விரல்களில் எட்டு வடிவில் சுற்றி அங்குலம் அங்குலமாகச் சேர்ப்பது ஒரு வழி. தாழும் நூலைப் போட்டுவிட்டு எண்ணிக்கொண்டிருப்பது மற்ற வழி. தாழும் நூல் ஒவ்வொன்றுக்கும், செக்கனுக்கு எத்தனை அங்குலம் இறங்கும் என்ற கணக்கு உண்டு. செக்கனுக்கு மூன்று அங்குலம் இறங்கும் நூல் 12 அடி இறங்குவதற்கு 48 செக்கன் வேண்டும். தேவாரம் ஒன்றை ஆறுதலாகப் பாடி முடிக்கலாம். பொறுமையில்லாதவர் பத்தாவது செக்கனில் இழுக்கத் தொடங்கிவிடுவார். அவருடைய ஈ இரண்டரை அடியிலேயே நாள் முழுவதும் அலையும். முதல் எறியில் 10 எண்ணி, அடுத்ததில் 20, அதற்கடுத்ததில் 30 என்று கூட்டிக்கொண்டே போய், எந்த எண்ணில் கொத்துகிறதோ அந்த எண்ணை விடாமல் பிடித்துக்கொள்வதே அங்குள்ள பழைய கைகளின் முறை.

காற்றுக்கு வருவோம். பாசையூரிலோ குருநகரிலோ ஒரு கடற்றொழிலாளியிடம் இன்றைக்கு எப்படி என்று கேட்டால், மீனைப் பற்றி வாய் திறக்க முன்னர் காற்றின் பெயரைச் சொல்லுவார். சோழகமா, வாடையா, கச்சானா, கொண்டலா என்பது தெரிந்துவிட்டால் மற்றவை தாமாகத் தெரியவரும் என்பது அவருடைய கணக்கு. எங்கள் பரவைக்கடலில் வற்றும் பெருக்கும் மீனைக் கொண்டுவந்து களங்கண்டி வலைக்குள் சேர்க்கின்றன. பாலத்தின் கீழே ஓடும் நீர் உங்கள் பொடியனிடம் ஓராவைத் தானே கூட்டிவருகிறது, அவன் தேடிப் போவதில்லை. ஏரியில் வற்றும் இல்லை, பெருக்கும் இல்லை. ஓட்டத்தின் வேலையைக் காற்றுத்தான் செய்ய வேண்டும். அது மேல்நீரையும் அதில் கிடக்கும் பூச்சிகளையும் ஒரு கரைக்குத் தள்ள, மீன் அதைத் தொடர்ந்து போகிறது. வள்ளத்தைக் குறுக்காக மிதக்கவிட்டு, குடைபோன்ற துணியொன்றை நீருக்குள் இழுபடவிட்டு வேகத்தைக் குறைத்து, காற்றுப் போகும் திசையில் எறிந்துகொண்டே புதிய புதிய நீரைத் தேடிப் போவது அங்குள்ள வழக்கம். காற்று விழுந்த நாளில் வள்ளம் நின்ற இடத்திலேயே நிற்கும். பார்த்த நீரையே மீண்டும் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

அதைவிட மோசமானது, நீர் கண்ணாடியாகிவிடுவது. நீருக்குள் இருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் ஏறத்தாழ 97 பாகை அகலமான ஒரு வட்டத்துக்குள் ஒடுங்கித் தெரிகிறது. பாடசாலையில் படித்த அவதிக்கோணத்தின் இரு மடங்குதான் அது. சிற்றலை இருந்தால் அந்த வட்டம் உடைந்து குலையும். அலை இல்லாத நீரில், வள்ளத்தில் எழுந்து நின்று தடியை வீசும் மனிதர் அதன் விளிம்பில் தெளிவாகத் தெரிவார். நீங்கள் இருவரும் இருந்தபடி எறிந்தீர்களா, நின்றபடி எறிந்தீர்களா என்று எழுதவில்லை. நின்றபடிதான் என்று ஊகிக்கிறேன்.

மூன்று மணி வளையங்களே அன்றைக்குக் கிடைத்த ஒரேயொரு நல்ல செய்தி. வளையத்தின் நடுவில் குமிழி நின்றால், மீன் மேலே கிடந்த பூச்சியைக் காற்றோடு சேர்த்து விழுங்கியிருக்கிறது. குமிழி இல்லாமல் முதுகும் வாலும் மட்டும் புரண்டு மறைந்தால், மேற்படைக்குச் சற்றுக் கீழே தொங்கிய கூட்டுப்புழுவை எடுத்திருக்கிறது. இரண்டு வகையிலும் வளையம் என்பது மீன் இருந்த இடமே தவிர இருக்கும் இடம் அல்ல. ட்ரவுட் பெரும்பாலும் காற்றை எதிர்த்து முன்னேறியபடியே மேயும். ஆகையால் வளையத்திலிருந்து காற்று வரும் பக்கமாக இரண்டு மீற்றர் தள்ளி ஈயை வைத்துவிட்டுக் காத்திருந்தால், அதுவாக வந்து சேரக்கூடும்.

மருமகனிடம் தொழில் தெரியுமா என்று கேட்க வேண்டியதில்லை. அடுத்த முறை வள்ளத்தில் ஏறியவுடன், "தம்பி, இந்தமுறை எத்தினை அடியில போடுவம்?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: உயிருள்ள இரையும் இல்லை, ஈயக்குண்டும் இல்லை. வெறும் இறகுத் துண்டு எப்படி இருபது மீற்றர் தூரம் போகிறது?
பல்கலைக்கழக மாணவி, வேலணை

பதில்: பிள்ளை, இறகு போவதில்லை, நூல் போகிறது, இறகு அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போகிறது. எங்கள் தூண்டிலில் ஈயக்குண்டு முன்னே பறந்து தங்கூசியை இழுத்துச் செல்லும். ஈத் தூண்டிலில் பாரம் முழுவதும் நூலிலேயே பரவியிருக்கிறது. இலக்கம் 5 எனக் குறித்த நூலின் முதல் 30 அடி ஏறத்தாழ 9 கிராம் நிறையுடையது. ஈயின் நிறை அதற்கு முன்னால் கணக்கிலேயே வராது. வீச்சுவலையின் ஓரத்துக் குண்டுகள் வலையை விரித்துச் செல்வதைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? அந்தக் குண்டுகளை உருக்கி நூலுக்குள்ளேயே ஊற்றிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

எறிபவர் முதலில் நூலைப் பின்னே வீச வேண்டும். அது முதுகுக்குப் பின்னால் முழுதாக நீளும் வரை ஒரு கணம் பொறுக்க வேண்டும். அப்போதுதான் அதன் பாரம் தடியை வளைக்கும். வளைந்த தடி நிமிரும் வேகமே நூலை முன்னே கொண்டுபோகும். புதியவர்கள் எல்லோரும் பிழைவிடும் இடம் அந்த ஒரு கணம்தான். நூல் நீள முன்னரே முன்னே வீசினால் சாட்டை சொடுக்கியது போன்ற ஓர் ஓசை கேட்கும். ஈ அறுந்து போயிருக்கும். பின்னால் வடலி நின்றால் அது வேறு கதை. என்னுடைய ஈக்களில் சரிபாதி வடலிக்கே போயிற்று.

ஈ கட்டும் பொருள்களைப் பற்றியும் ஒரு சொல். சேவலின் கழுத்திறகைக் கொளுக்கித் தண்டில் சுற்றினால் அதன் இழைகள் சிலிர்த்து நின்று பூச்சியின் கால்களாகும். மயிற்பீலியின் நடுத்தண்டிலிருந்து பிரியும் தனி இழையைச் சுற்றினால் பச்சையும் செம்பும் மினுங்கும் உடலாகும். ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன்னரே, மசிடோனிய ஆறொன்றில் செந்நிறக் கம்பளியையும் சேவலிறகையும் கொளுக்கியில் கட்டிப் புள்ளிமீன் பிடித்ததாக ரோமர் காலத்துக் குறிப்பொன்று உண்டு. இரண்டாயிரம் ஆண்டளவில் சேவலுக்கு மாற்றுக் கண்டுபிடிக்க ஒருவராலும் முடியவில்லை என்பது எனக்கு வேடிக்கையாகவே இருக்கிறது.

கேள்வி: ஐயா, ஒஸ்லோவுக்கு அருகே காட்டுக்குள் இருக்கும் ஏரிகளில் பிரவுன் ட்ரவுட் பிடிக்கப் போகிறேன். ஆடி மாதத்தில் காலை பத்து மணி முதல் பின்னேரம் நாலு மணி வரை ஒன்றுமே நடப்பதில்லை. அந்த நேரத்தில் என்ன செய்வது? வீட்டுக்கு வந்தால் என்ன என்று மனைவி கேட்கிறா.
வட்டுக்கோட்டையிலிருந்து நோர்வேக்குப் போன வாசகர்

பதில்: தம்பி, உங்கள் மனைவி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ட்ரவுட்டுக்கு 10 முதல் 16 பாகை செல்சியஸ் வரையான நீர் நன்றாக ஒத்துவரும். 20 பாகையைத் தாண்டினால் அது உண்ண மனமின்றி ஒதுங்கிவிடும். ஆடி மாத வெயிலில் ஏரியின் நீர் இரண்டு படையாகப் பிரிந்து, இளஞ்சூடான நீர் மேலேயும் குளிர்ந்த நீர் கீழேயும் ஒன்றோடொன்று கலவாமல் கிடக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட மெல்லிய படையை அண்டியோ, குளிர்ந்த ஓடை வந்து விழும் வாயிலோ, அடியில் ஊற்றுள்ள இடத்திலோ மீன் நிற்கும். சிறிய வெப்பமானி ஒன்றை நூலில் கட்டி, மீற்றருக்கு ஒரு முடிச்சுப் போட்டு இறக்கிப் பாருங்கள். கைபட்ட முடிச்சுகளை எண்ணினாலே, வெப்பநிலை சட்டென்று விழும் ஆழம் தெரிந்துவிடும். ஐம்பது வகை ஈ அடுக்கிய பெட்டியைவிட இந்தச் சின்னக் கருவியில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

மந்தமான நாளில் பலரும் செய்யும் பிழை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஈயை மாற்றுவது. கொத்தாததற்குக் காரணம் நிறம் என்று மனம் உடனே முடிவு கட்டிவிடுகிறது. பெட்டி கையருகே இருப்பதுதான் அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். முதலில் ஆழத்தை மாற்றுங்கள், பிறகு இழுக்கும் வேகத்தை, பிறகு இடத்தை. ஈயை மாற்றுவது இவை மூன்றும் பொய்த்த பிறகுதான். இடத்தை மாற்ற முன்னர் கரையோரப் பற்றைகளில் சிலந்தி வலைகளைப் பாருங்கள். முந்தின இரவு எந்தப் பூச்சி வெளிவந்தது என்பதைச் சிலந்தி உங்களுக்காகச் சேர்த்து வைத்திருக்கும். தங்கூசியை விரல்களுக்கிடையே உருவிப் பாருங்கள். எறியும்போது தானாக விழுந்த ஒரு சின்ன முடிச்சு அதன் பலத்தைப் பாதியாக்கியிருக்கும், நாள் முழுதும் காத்திருந்து வந்த ஒரேயொரு மீன் அந்த இடத்திலேதான் அறுத்துக்கொண்டு போகும். கொளுக்கியின் நுனியைப் பெருவிரல் நகத்தில் மெல்ல இழுத்துப் பாருங்கள். கீறினால் கூர், வழுக்கினால் மழுங்கல்.

இவ்வளவும் செய்ய ஒரு மணித்தியாலம் போதும். மிகுதி நேரத்துக்கு நான் சொல்லக்கூடியது, மத்தியானம் வீட்டில் சாப்பிட்டுப் படுத்துவிட்டு ஆறு மணிக்கு வெளிக்கிடுங்கள் என்பதுதான். ஒஸ்லோவில் ஆனி பிற்பகுதியில் இரவு பத்தரைக்குப் பிறகே சூரியன் மறைகிறது. வெளிச்சம் சாயச் சாய மீன் மேலே வரும். அந்தக் கடைசி இரண்டு மணித்தியாலத்துக்காக நீங்கள் பகல் முழுவதையும் காட்டில் கழிக்கத் தேவையில்லை.

கேள்வி: நுவரெலியாவிலும் ட்ரவுட் உண்டு என்கிறார்களே, உண்மையா? அங்கே போய்ப் பிடிக்கலாமா?
வங்கி ஊழியர், சாவகச்சேரி

பதில்: உண்மைதான், ஆனால் அது இந்நாட்டு மீன் அல்ல. ஆளுநர் வில்லியம் கிரகரி 1873இல் நுவரெலியாவில் ஏரியை அமைப்பித்தார். 1880களில் பிரவுன் ட்ரவுட்டின் முட்டைகள் பிரித்தானியாவிலிருந்து கப்பலில் வந்தன. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்தில் இருக்கும் குளிர்ந்த நீர் என்பதனால் துரைமார் தங்கள் ஊர் மீனுக்கு அது ஒத்துவரும் என்று எண்ணினார்கள். பிரவுன் ட்ரவுட் உயிர் வாழ்ந்ததே தவிர நன்றாகப் பெருகவில்லை. பின்னர் வந்த ரெயின்போ ட்ரவுட்தான் மேட்டுநில ஓடைகளில் நிலைத்தது. இதற்கென்றே 1896இல் இலங்கை மீன்பிடிக் கழகம் என ஒன்றையும் அவர்கள் தொடங்கியிருந்தார்கள்.

அந்தப் பகுதியில் ஆசிரியராக இருந்த காலத்தில், நானும் தோட்டத்து நண்பர் ஒருவரும் ஓடைக்கரையில் இரண்டு சனிக்கிழமைகளைக் கழித்தோம். பனிமூட்டம் கலைய ஒன்பது மணியாகும். விரல்கள் விறைத்து முடிச்சுப் போட முடியாது. இரண்டு நாளுக்கும் சேர்த்து எங்களுக்கு அகப்பட்டது ஒரு சாண் நீளமான ஒரு மீன்.

இப்போது போக எண்ணுபவர்களுக்கு இரண்டு சொற்கள். ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசிய பூங்கா. அதற்குள் தூண்டிலோடு போகும் எண்ணம் இருந்தால், முதலில் வனசீவராசிகள் திணைக்களத்திடம் கேட்டு அறியுங்கள். மற்றது, அந்தச் சமவெளி ஓடைகளுக்கே உரிய சிறு நன்னீர் இறால் ஒன்று உண்டு. வெளியிலிருந்து வந்த இந்த ட்ரவுட் அதை உண்கிறது. துரைமாரின் பொழுதுபோக்குக்கு அந்த இறால் இன்றுவரை விலை கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பதே என் எண்ணம்.

கேள்வி: இரணைமடுவில் ட்ரவுட் வளர்த்தால் என்ன?
விவசாயி, கிளிநொச்சி

பதில்: வளராது. 10 பாகை நீர் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 11 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும். 30 பாகை நீரில் அது ஏழரையாகக் குறைந்துவிடும். எங்கள் குளத்து நீரின் சூட்டில் ட்ரவுட் மூச்சுத் திணறியே செத்துப்போகும். ஜப்பான் மீன் என்று நாங்கள் சொல்லும் திலாப்பியா அதே நீரில் செழித்து வளர்கிறது. ஆனால் அது பாசி மேயும் மீன், இறகு ஈயைப் பெரும்பாலும் திரும்பியும் பாராது. ஈத் தூண்டில் பழக ஆசையென்றால் விராலைத் தேடிப் போங்கள். தாமரை இலைகளுக்கு இடையில் தவளைபோல் தத்தும் எதையும் அது பாய்ந்து கௌவும்.

கேள்வி: பிடித்த மீனைத் திரும்ப நீரில் விடுவதைப் பெருமையாகச் சொல்கிறார் கனடாவில் இருக்கும் என் பேரன். உண்பதற்கும் அல்லாமல் ஓர் உயிரைக் கொளுக்கியில் மாட்டி விளையாடுவது பாவமில்லையா?
சைவ உணவு உண்ணும் பாட்டி, நல்லூர்

பதில்: அம்மா, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு உங்களைவிடத் தகுதி குறைவு. மீன் உண்பவன் நான். உண்பதற்காகப் பிடிப்பதில் எனக்கு உறுத்தல் இல்லை, விடுவதற்காகவே பிடிப்பதில் உறுத்தல் உண்டு. ஆனாலும் பேரன் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். இயற்கையாக இனம் பெருக்கும் ட்ரவுட் உள்ள ஏரிகளில், வருபவர் எல்லோரும் பிடித்ததைக் கொண்டுபோனால் சில ஆண்டுகளில் ஒன்றும் மிஞ்சாது. ஆகையால் பல இடங்களில் விடுவதே சட்டம். வளர்த்து விடப்பட்ட மீன் உள்ள நீரில் அந்தக் காரணம் அவ்வளவு பொருந்தாது.

விடுவதென்றால் அதற்கும் முறை இருக்கிறது. அதைப் பேரனுக்கு எழுதுங்கள். கொளுக்கியின் நுனிக்குப் பின்னால் எதிர்ப்புறமாக நீட்டிக்கொண்டிருக்கும் சிறு முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட வேண்டும். உலர்ந்த கையால் தொட்டால் மீனின் மேலுள்ள வழுவழுப்பு உரிந்து நோய் பற்றும்; கையை நனைத்த பிறகே தொட வேண்டும். படம் எடுப்பதற்காகத் தூக்கி வைத்திருக்கும் ஒவ்வொரு செக்கனும் அதற்கு மூச்சில்லாத செக்கன். நீருக்குள் வைத்தே கொளுக்கியைக் கழற்றலாம். நீர் 20 பாகைக்கு மேல் சூடாகிவிட்ட நாளில், இழுபட்டுக் களைத்த மீன் நீந்திப் போவதுபோல் போய்ப் பிறகு செத்துவிடும். அன்றைக்குத் தூண்டிலையே எடுக்காமல் இருப்பதுதான் சரி. இவை எல்லாவற்றையும் அவர் கடைப்பிடிக்கிறார் என்றால், கோபத்தைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். மற்றப் பாதியை நானும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கேள்வி: இலண்டனில் மகன் ட்ரவுட் பிடித்துக்கொண்டு வந்தால், புளி விட்டுக் குழம்பு வைக்கிறேன், எல்லாம் கரைந்துபோகிறது. என்ன செய்வது?
தெல்லிப்பழை அம்மா ஒருவர்

பதில்: அதன் தசை மெல்லியது, புளியும் மிளகாய்த்தூளும் போட்டு நெடுநேரம் கொதிக்கவைப்பதை அது தாங்காது. சொதி வையுங்கள். வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, வெந்தயம், மஞ்சள் எல்லாம் இரண்டாம் பாலில் வெந்த பிறகு, தலைப்பாலை விட்டு, சூடேறி வரும்போது மீன் துண்டுகளைப் போட்டு ஐந்து நிமிடத்தில் இறக்கிவிடுங்கள். தேசிக்காய்ப் புளி இறக்கிய பிறகுதான். அகப்பை போட்டுக் கிண்டாமல், சட்டியை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றி ஆட்டினால் போதும்.